பதினேழு குண்டும் ஒரு மளிகைக் கடையும்

1774 அக்டோபர் 19, கல்கத்தா. உச்சி வெயில். ஹூக்ளி ஆற்றில் படகு கரையை நெருங்குகிறது. உள்ளே லண்டனிலிருந்து புத்தம் புதிதாக இறக்குமதியாகும் மூன்று கனவான்கள். வில்லியம் கோட்டையிலிருந்து மரியாதைப் பீரங்கி வெடிக்கிறது. மூன்று பேரும் ஊரைப் பார்க்கவில்லை, கரையில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கவில்லை. மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பதினைந்து, பதினாறு, பதினேழு... அப்புறம் சத்தத்தையே காணோம்!

பதினேழா? எதிர்பார்த்தது இருபத்தொன்று ஆயிற்றே! ஜானவாசக் காருக்கு ஏசி இல்லை என்று கல்யாணம் முடியும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் சம்பந்தி ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டல்லவா? கல்கத்தாவுக்கு அன்றைக்கு ஒரே படகில் மூன்று சம்பந்திகள் வந்து இறங்கினார்கள்.

இறங்கிய இடம் சாந்த்பால் காட். 'காட்' என்றால் நம்ம ஊர்ப் படித்துறைதான். இங்கிலாந்திலிருந்து வரும் பெரிய கப்பல்கள் ஆற்றின் கீழ்ப்பகுதியிலேயே நங்கூரம் போட்டுவிடும். அங்கிருந்து சின்னப் படகில் மாறி வந்து, பெரிய மனிதர்கள் கால் வைக்கும் இடம் இது. கவர்னர் ஜெனரல், கமாண்டர் இன் சீஃப், சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் என்று யார் வந்தாலும் இதே படிதான். இன்றைய பாஷையில் விஐபி டெர்மினல்.

சரி, இவ்வளவு பெரிய டெர்மினலுக்குப் பெயர் கொடுத்த அந்த சாந்த்பால் யார்? நவாபா? ஜமீன்தாரா? கடையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மளிகைக்காரர்! முழுப் பெயர் சந்திரநாத் பால். அந்த வழியே போகிற வருகிறவர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் அங்கே சின்னதாக ஒரு கடை வைத்திருந்தாராம். சாம்ராஜ்யத்தின் தலைவாசலுக்கு அரிசி, பருப்பு விற்றவர் பெயர். இருபத்தொரு குண்டு கேட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தால் படகைத் திருப்பச் சொல்லியிருப்பார்கள்.

இப்போது கனவான்களைக் கொஞ்சம் அறிமுகம் செய்துவிடுகிறேன். ஜெனரல் கிளேவரிங், கர்னல் மான்சன், பிலிப் பிரான்சிஸ். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வங்காளத்தில் அடிக்கும் கொள்ளையைப் பார்த்துப் பதறிய லண்டன் பார்லிமென்ட், 1773ல் ஒரு சட்டம் போட்டது. வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரல், அவரைக் கடிவாளம் போட்டு நடத்த நாலு பேர் கவுன்சில். நாலில் பார்வெல் என்பவர் ஏற்கெனவே கல்கத்தாவில் செட்டில் ஆனவர், ஹேஸ்டிங்ஸ் கட்சி. மற்ற மூன்று பேர் இந்தப் படகில். தலைக்கு வருஷச் சம்பளம் பத்தாயிரம் பவுண்ட். ஊழலை ஒழிக்க வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் பத்தாயிரம் பவுண்ட்! அந்தச் சம்பளத்துக்கு நானே வந்து ஒழித்திருப்பேன்.

பிரான்சிஸின் மைத்துனர் மெக்ராபி, அவருக்கே செக்ரட்டரியாகவும் கூட வந்தார். படித்துறையில் நடந்த அநியாயத்தை அவர்தான் எழுதி வைத்தார். வெயில், நெரிசல், ஒழுங்கே இல்லை. காவலுக்கு ஆளில்லை, வழி காட்ட நாதியில்லை. கவர்னர் ஜெனரல் படித்துறைக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்தபடி வரவேற்றார். இதையெல்லாம்கூட மனசு பொறுத்துக்கொண்டது. பொறுக்காத விஷயம் ஒன்று: அந்த மனுஷன் ஃபிரில் வைத்த சட்டையாவது போட்டிருக்கக் கூடாதா?

கவனியுங்கள். அதற்கு நாலு வருஷம் முன்னால்தான் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பஞ்சத்தில் செத்திருந்தார்கள். புது நிர்வாகத்தின் முதல் ஃபைல் எது? சட்டைக் கை.

ஹேஸ்டிங்ஸ் தரப்பையும் சொல்ல வேண்டும். இவர்கள் வரும் வழியில் மெட்ராஸில் நின்றபோதே இனிக்க இனிக்கக் கடிதம் எழுதி அனுப்பியிருந்தார். கடிதத்துக்குச் செலவழித்த தேனில் நாலு சொட்டை வெடிமருந்தாக மாற்றியிருக்கலாம். மெட்ராஸைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நமக்கு அப்போது துறைமுகமும் கிடையாது, படித்துறையும் கிடையாது. கவர்னரே ஆனாலும் மசூலா படகில் ஏறி, அலையில் குலுங்கி, தொப்பலாக நனைந்துதான் கரை சேரணும். ஆகவே மெட்ராஸில் இறங்கிய யாருக்கும் ஃபிரில் சட்டை பற்றிக் கவலை வந்ததில்லை. கிளேவரிங் கோஷ்டிக்குப் படித்துறை கெடுதல் செய்துவிட்டது. உடம்பு நனையாததால் கௌரவம் காய்ந்தே இருந்தது.

அதே அக்டோபரில் புது சுப்ரீம் கோர்ட்டுக்கு ஜட்ஜுகளும் வந்து சேர்ந்தார்கள். சீஃப் ஜஸ்டிஸ் எலைஜா இம்பே, ஹேஸ்டிங்ஸோடு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் படித்தவர். (உலகத்தில் எத்தனை கோடிப் பேர், லண்டனில் எத்தனை வக்கீல்கள், கிடைத்தது கிளாஸ்மேட்!) கரையில் வெறுங்காலோடு நின்ற ஜனங்களைப் பார்த்து ஜட்ஜ் ஒருவர் உருகிவிட்டாராம். பாவப்பட்ட ஜனங்கள், நம் கோர்ட் திறந்து ஆறே மாசத்தில் இவர்கள் எல்லோர் காலிலும் ஷூவும் சாக்ஸும் ஏறிவிடும் என்று பக்கத்து ஜட்ஜிடம் சொன்னதாகக் கல்கத்தாவில் ஒரு கதை உண்டு. வங்காளத்து ஈரத்தில் சாக்ஸ் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் இது தண்டனையா உதவியா என்பது புரியும்.

அந்தக் கோர்ட் செய்த முதல் பெரிய காரியம் மகாராஜா நந்தகுமார் வழக்கு. ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று 1775 மார்ச்சில் அவர் புகார் கொடுத்தார். மூன்று சம்பந்திகளுக்கும் பரம சந்தோஷம், தட்டிக் கொடுத்தார்கள். இரண்டே மாசத்தில், எப்போதோ நடந்த கள்ளப் பத்திர வழக்கு ஒன்று நந்தகுமார் மேல் பாய்ந்தது. கள்ளப் பத்திரத்துக்கு வங்காளத்தில் யாரும் தூக்குப் போட்டதில்லை, இங்கிலாந்தில் போடுவார்கள். ஆகஸ்ட் 5ஆம் தேதி, இங்கிலாந்துச் சட்டப்படி, கல்கத்தாவில் தூக்கு. சாவதற்கு முன் அவர் எழுதிய மனு கிளேவரிங் கைக்கு வந்தது. கிளேவரிங் அதைக் கவுன்சிலில் எடுத்து வைத்தது ஆகஸ்ட் 14. அந்த மனுவைக் கொளுத்திவிடலாம் என்று கவுன்சிலில் யோசனை சொன்னவர் பிரான்சிஸ். இந்தப் பத்தியில் மட்டும் எனக்கு ஜோக் வரவில்லை.

மேலே போவோம். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஹேஸ்டிங்ஸ் ஒவ்வொரு மீட்டிங்கிலும் தோற்றுக்கொண்டிருந்தார். 1776ல் மான்சன் காலமானார். கணக்கு இரண்டுக்கு இரண்டானது, ஹேஸ்டிங்ஸின் காஸ்டிங் ஓட்டு ஜெயித்தது. எமன் போட்ட முதல் ஓட்டு அது.

அடுத்த வருஷம் ஜூனில் நடந்ததுதான் உச்சக்கட்டம். ஹேஸ்டிங்ஸ் சார்பாக அவருடைய ஏஜென்ட் லண்டனில் ராஜினாமா கொடுத்துவிட்டார் என்று கப்பலில் செய்தி வந்தது. ராஜினாமா செய்தவருக்கே அது புதுச் செய்தி. கிளேவரிங் ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. நானே கவர்னர் ஜெனரல், கோட்டைச் சாவியையும் கஜானா சாவியையும் கொடு என்று ஆள் அனுப்பினார். ஒரு அறையில் கிளேவரிங்கும் பிரான்சிஸும் கவுன்சில் நடத்துகிறார்கள். இன்னொரு அறையில் ஹேஸ்டிங்ஸும் பார்வெலும் கவுன்சில் நடத்துகிறார்கள். ஒரே ஊர், ஒரே நாள், இரண்டு சர்க்கார். ரிசார்ட் ஒன்றுதான் குறைச்சல். கடைசியில் இரண்டு தரப்பும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக, கோர்ட் ஹேஸ்டிங்ஸே செல்லும் என்றது. கிளாஸ்மேட் கைவிடவில்லை.

அந்த ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையே நேரில் போய்க் கிளேவரிங்கை விருந்துக்கு இழுத்து வந்தார்; விருந்து முடிந்து போய்ப் படுத்த மனிதர் எழுந்திருக்கவில்லை என்கிறார்கள். விருந்துக்கும் வியாதிக்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, ஆகஸ்ட் 30ஆம் தேதி கிளேவரிங் போய்ச் சேர்ந்தார். படகில் வந்த மூவரில் மிச்சம் ஒருவர்.

அந்த ஒருவர் பிரான்சிஸ். கெட்டிக்காரர். நல்ல எழுத்து. லண்டனில் மந்திரிகளைக் கிழி கிழியென்று கிழித்து 'ஜூனியஸ்' என்ற புனைபெயரில் வந்த கடிதங்களை எழுதியவர் இவர்தான் என்று பலரும் நம்புகிறார்கள். ஊழலை எதிர்த்து மூச்சுவிடாமல் எழுதிய இதே கை, சீட்டாட்டத்தில் அரசியல் எதிரி பார்வெலிடமிருந்து இரண்டு வருஷச் சம்பளத்துக்குச் சமமான தொகையைக் கறந்தது. கொள்கை வேறு, விஸ்ட் ஆட்டம் வேறு.

இனி வருவது ஏணிப் படலம். தமிழ்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், ஏனென்றால் கதாநாயகி நம்ம தரங்கம்பாடியில் பிறந்தவர்.

கேதரின் வெர்லே. பிரெஞ்சு உத்தியோகஸ்தர் ஒருவரின் மகள். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. 1777ல், பதினாறு வயதுகூட நிரம்பாத பெண்ணை, கம்பெனி உத்தியோகஸ்தர் கிராண்ட் என்பவருக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். அழகு என்றால் அப்படி ஒரு அழகாம். மறு வருஷம் டிசம்பர் 8ஆம் தேதி ராத்திரி, கிராண்ட் வெளியே சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவர் வீட்டு மதிலில் ஒரு மூங்கில் ஏணி சாய்ந்து நின்றது. ஏறி உள்ளே போனவர் கவுன்சில் மெம்பர் பிரான்சிஸ். வயது முப்பத்தெட்டு. ஊரில் மனைவி, ஆறு குழந்தைகள்.

வேலைக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். கவுன்சில் மெம்பர் பிடிபட்டார். நண்பர்கள் ஓடி வந்து காப்பாற்றப் பார்த்தார்கள். கலாட்டாவில் பிரான்சிஸ் நழுவிவிட்டார்; காப்பாற்ற வந்த நண்பர் மாட்டிக்கொண்டார். கிராண்ட் தலைதெறிக்க வீட்டுக்கு வந்து பார்த்தால் நாற்காலியில் கட்டிவைக்கப்பட்டிருப்பது வேறு ஆள்! இருபத்தொரு குண்டு கேட்டு இறங்கியவர், ஒரு குண்டும் வெடிக்காமல் இருட்டில் கிளம்பிப் போயிருந்தார்.

கேஸ் யாரிடம் போகும்? அதே சுப்ரீம் கோர்ட். நஷ்ட ஈடு எவ்வளவு என்பதில் ஒரு ஜட்ஜ் லட்சம் என்றாராம், இன்னொரு ஜட்ஜ் காலணாகூட வேண்டாம் என்றாராம், சீஃப் ஜஸ்டிஸ் இம்பே பேரம் பேசுகிற மாதிரி நடுவில் வெட்டி ஐம்பதாயிரம் சிக்கா ரூபாய் என்று தீர்த்தார். பிரான்சிஸ் கட்டினார். சீட்டில் வந்தது ஏணியில் போனது.

ஆனால் கதாநாயகியைப் பாருங்கள். கல்கத்தாவை விட்டார், ஐரோப்பா போனார், பாரிஸில் வலம் வந்தார். 1802ல் பிரான்ஸ் தேசத்தின் வெளியுறவு மந்திரி, ராஜதந்திரிகளுக்கெல்லாம் ராஜதந்திரி தாலேராணையே கல்யாணம் செய்துகொண்டார். கணவருக்கு நெப்போலியன் பட்டம் கொடுத்ததும் இவர் பெனவென்டோ இளவரசி. தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டு மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். இந்த ஊர்ப் பெண் நெப்போலியன் தர்பாரில் நடந்தவர் என்று ஒரு போர்டு வைத்தால் நாலு பேர் கூடுதலாக வரமாட்டார்களா?

மறுபடி கல்கத்தா. 1780ல் ஹேஸ்டிங்ஸ் பொறுமை இழந்தார். பிரான்சிஸின் சொந்த நடத்தையிலேயே உண்மையும் இல்லை, மானமும் இல்லை, பொது நடத்தையையும் அதை வைத்தே எடை போடுகிறேன் என்று அதிகாரபூர்வக் குறிப்பில் எழுதினார். வாட்ஸாப்பில் புலம்பி விஷயத்தை முடிக்கிற காலமா அது? பிரான்சிஸ் டூயலுக்கு அழைத்தார். ஆகஸ்ட் 17, விடிகாலை, அலிப்பூரில் பெல்வெடேர் மாளிகைப் பக்கம். இந்தியாவை ஆளும் இரண்டு பேர், கையில் பிஸ்டல், பதினாலு தப்படி தூரம்.

ஒரே ஒரு சிக்கல். பிரான்சிஸ் வாழ்க்கையில் பிஸ்டல் சுட்டதே இல்லை. ஹேஸ்டிங்ஸும் அதில் ஒன்றும் புலி இல்லை. பிரான்சிஸின் வெடிமருந்து நமுத்துப்போய்ச் சுடவே மறுத்தது. சண்டையை நிறுத்தி, எதிர்த்தரப்பிலிருந்து வெடிமருந்து கடன் வாங்கினார்கள்! (இவர் வாழ்க்கை முழுக்க வெடிமருந்துப் பற்றாக்குறைதான்.) சுட்டார்கள். பிரான்சிஸின் குண்டு காற்றில் போனது. ஹேஸ்டிங்ஸின் குண்டு பிரான்சிஸின் வலது விலாவில் பாய்ந்தது. செத்தேன் என்று விழுந்தவர் சாகவில்லை. சுட்ட ஹேஸ்டிங்ஸே அக்கறையாக டாக்டரை அனுப்பினார். காயம் ஆறி அந்த வருஷக் கடைசியில் பிரான்சிஸ் கப்பலேறினார்.

கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? லண்டனில் பிரான்சிஸ் உட்கார்ந்து, பார்லிமென்ட் மெம்பர் எட்மண்ட் பர்க்கின் காதில் ஃபைல் ஃபைலாக ஓதினார். 1788ல் ஹேஸ்டிங்ஸ் மேல் பார்லிமென்டில் மகா விசாரணை தொடங்கியது. முதல் நாட்களில் டிக்கெட்டுக்கு அடிதடி, சீமாட்டிகள் மயக்கம் போட்டு விழுந்தார்கள். ஏழு வருஷம் இழுத்தது. விசாரித்த பிரபுக்களில் பலர் நடுவிலேயே செத்துப்போனார்கள். 1795ல் தீர்ப்பு: நிரபராதி. வக்கீல் செலவில் ஹேஸ்டிங்ஸ் ஓட்டாண்டி. 1774லிருந்து 1795வரை விரல் விட்டு எண்ணுங்கள். இருபத்தொன்று! வெடிக்காமல் விட்டது நாலு குண்டு, வசூலித்தது முழுக் கணக்கும்.

விசாரணையில் பர்க் சொன்னதெல்லாம் பொய் இல்லை. கம்பெனி வங்காளத்தைச் சுரண்டியது நிஜம். அந்த நிஜத்தைத் தூக்கிச் சுமந்த கழுதைக்குப் பெயர் ஈகோ.

இவ்வளவு நாடகத்தின் முதல் காட்சி அரங்கேறிய படித்துறை என்ன ஆனது? 1820ல் அங்கே ஒரு நீராவி பம்ப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆற்றுத் தண்ணீரை இறைத்து, துரைமார் வண்டியில் காற்று வாங்கப் போகும் வீதிகளில் புழுதி அடங்கத் தெளிப்பதற்கு. துரைமாரை வரவேற்ற இடம், துரைமார் மூக்கில் தூசு போகாமல் பார்த்துக்கொள்ளும் இடமானது. லாட்டரிக் கமிட்டியும் அங்கே கை வைத்தது. லாட்டரி டிக்கெட் விற்ற காசில் ஊரைக் கட்டிய கமிட்டி, ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். பரிசு விழாதவர்கள் பணத்தில் ஆற்றோரமாக ஸ்ட்ராண்ட் ரோடு விழுந்தது. கரையே மேற்கே தள்ளிப்போயிற்று. கிளேவரிங் காலடி பட்ட பழைய படிகள் போன இடம் தெரியவில்லை.

விஐபிகளுக்குப் புதுப் படித்துறை வேண்டுமே? 1840களில் கொஞ்சம் தெற்கே பிரின்செப் காட் எழும்பியது. ஜேம்ஸ் பிரின்செப் நினைவாக. அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தை 1837ல் படித்துக் காட்டியவர். சோழர், பாண்டியர் பெயரை அசோகர் பாறையில் வெட்டி வைத்திருப்பது நமக்குத் தெரிந்ததே அந்தப் புண்ணியவானால்தான். வேலை செய்தே நாற்பது வயதில் செத்துப்போனார். இந்தக் கட்டுரையில் நான் கிண்டல் செய்ய மனம் வராத ஒரே வெள்ளைக்காரர்.

அவர் படித்துறைக்குக் கிரேக்கக் கோயில் மாதிரி வரிசையாகத் தூண்கள், வெள்ளை மண்டபம். சாந்த்பால் காட்டின் விஐபி அந்தஸ்து அப்படியே இங்கே டிரான்ஸ்ஃபர். லாட் சாகிப்கள் எல்லாம் மளிகைக்காரர் படியை விட்டுவிட்டு இங்கே இறங்கத் தொடங்கினார்கள்.

மளிகைக்காரர் பெயர் நகரவில்லை. இன்றைக்கும் ஹௌரா பக்கம் போகும் ஃபெரிக்கு சாந்த்பால் காட் ஜெட்டி இருக்கிறது. ஆபீஸ் விட்டால் கூட்டம் முண்டியடிக்கிறது. ஒருவரும் குண்டு எண்ணுவதில்லை; சில்லறை எண்ணுகிறார்கள். ஹேஸ்டிங்ஸ், கிளேவரிங், மான்சன், பிரான்சிஸ் நால்வரில் ஒருவர் பெயரும் அந்தப் படிக்கு ஒட்டவில்லை.

பிரின்செப் காட்? ஹெரிடேஜ் அந்தஸ்து, விளக்கு அலங்காரம், கல்யாண போட்டோ ஷூட், எல்லாம் உண்டு. ஆறு மட்டும் கிடையாது. கரை விலகி விலகி, மண்டபத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு ரயில் பாதையே போட்டுவிட்டார்கள். கல்கத்தாவின் சர்க்குலர் ரயில் அங்கே நிற்கிறது. ஸ்டேஷனுக்குப் பெயரும் பிரின்செப் காட்தான். படித்துறையில் இறங்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது ரயிலேறிப் போய் இறங்கிக்கொள்ளலாம்.